கொசுவுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள்

என் தங்கச்சிக்கு நாப்பத்தஞ்சு வயசு. இன்னும் பார்க்கிறவங்க எல்லாம் அவளை "கொசு"ன்னுதான் கூப்பிடுறாங்க. அஞ்சு வயசுல டிவி தொடர் ஒண்ணுல நடிச்சா. வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தர் காதுலயும் போய் எதையாவது போட்டுக் கொடுத்துட்டு ஓடிப் போற வாண்டு. அந்த வாண்டுக்குப் பேரு கொசு. தொடர் முடிஞ்சு முப்பத்தஞ்சு வருஷம் ஆகப் போகுது, பேரு மட்டும் ஒட்டினது ஒட்டினதுதான். போன மாசம் பல் ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்பிடுற பொண்ணு, "கொசு மேடம் உள்ள வரலாம்"னு கத்துது. இவளும் வீங்கின கன்னத்தோட எல்லாருக்கும் கையாட்டிக்கிட்டே உள்ள போறா. பின்னாடி அவ கைப்பையையும் எக்ஸ்ரே கவரையும் தூக்கிக்கிட்டு நான். டாக்டர், "எந்தப் பல் வலிக்குது?"ன்னு கேட்டார். இவ திரும்பி என்னைப் பார்த்தா.

"கீழ வலது பக்கம், கடைசிக்கு முந்தினது"ன்னேன்.

"கீழ வலது பக்கம் டாக்டர்... கடைசிக்கு முந்தினது"ன்னா அவ. என்ன உருக்கம்! டாக்டருக்கே கண் கலங்கிடுச்சு. பல்லு அவளோடது, வலி அவளோடது, வசனம் மட்டும் என்னோடது. இந்தக் கொடுமையை நான் எங்க போய்ச் சொல்ல?

நான் அவ அக்கா. ஏழு வயசு மூத்தவ. விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன், சுத்தி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது. எங்களுக்கு ஒரு கடை இருக்கு. பள்ளிக்கூட ஆண்டுவிழா, மேடை நாடகம், ஷூட்டிங், விளம்பரம்னு எல்லாத்துக்கும் வேஷத்துணி வாடகைக்கு விடுற கடை. வாசல்ல பெரிசா "கொசு டிரெஸ் ஹவுஸ்"னு போர்டு, பக்கத்துல முன்பல் ரெண்டும் விழுந்த சின்ன வயசுக் கொசுவோட படம். முதல் ஆறு மாசம் கொசுவத்தி கேட்டு வந்தவங்கதான் ஜாஸ்தி. இப்ப அந்தக் கடையை ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகுது, ஸ்டுடியோ எல்லாம் வச்சிருக்கிற கம்பெனி. கடை கொசு பேர்ல இருக்கு. காகிதத்துல நான் எங்கேயும் கிடையாது. பதிவு பண்ணின அன்னிக்கு, எங்கெங்க கையெழுத்துப் போடணும்னு அவளுக்கு விரலால காட்டிக்கிட்டு நின்னதுல, என் பேரையும் சேர்க்கணும்னு எனக்கே தோணல. என் புத்தியை எதால அடிக்கிறது!

கம்பெனிக்காரங்க ஒரு கடிதம் அனுப்பியிருந்தாங்க. இப்ப கடையில இருக்கிறவங்கள்ல யார் யார் தொடர்ந்து இருக்கணும்னு கடை முதலாளி, அதாவது கொசு, வியாழக்கிழமை நேர்ல வந்து தன் வாயால சொல்லணுமாம். அதை ஒப்பந்தத்துல எழுதிடுவாங்களாம். எழுதாத ஆளுக்கு அங்க இடம் கிடையாது.

எனக்கு அந்தக் கடை வேணும். இதுல என்ன வெட்கம்? நாலாயிரம் துணி இருக்கு. எது எந்தக் கம்பியில தொங்குதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். ஐம்பத்திரண்டு வயசுல எனக்குன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஆனா அதை அவ சொல்லணும். "என் அக்கா இங்க இருக்கணும்"னு, அவளா, நான் எடுத்துக் கொடுக்காம, ஒரே ஒரு தடவை. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

எடுத்துக் கொடுக்கிறதுன்னா என்னன்னு சொல்லிடுறேன். அப்ப எல்லாம் டிவி செட்ல வசனத்தை மனப்பாடம் பண்ண யாருக்கும் நேரம் கிடையாது. கேமராவுக்குப் பக்கத்துல உதவி இயக்குநர் ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாச் சொல்லுவார். நடிக்கிறவங்க அதைக் காதுல வாங்கித் திருப்பிச் சொல்லுவாங்க. குரலை அப்புறம் தனியா டப்பிங்ல சேர்த்துக்குவாங்க, அதனால அவர் சத்தம் குறுக்க கேட்டாலும் கவலை இல்ல. எங்க உதவி இயக்குநருக்கு இடி இடிக்கிற குரல். அவர் "அப்பா, எனக்குப் பசிக்குது"ன்னு சொன்னாலே கொசு வாயைக் கோணிக்கிட்டு அழும். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. முதல் நாள் பூரா இதே கூத்து. அம்மாவுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல, அதனால துணைக்குப் போயிருந்தவ நான், பன்னெண்டு வயசு. இயக்குநர் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். பார்க்கப் பாவமா இருந்துச்சு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "அங்கிள், நான் சொன்னா அவ சொல்லுவா"ன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

அன்னிக்குக் கேமராவோட மூணு காலுக்கு நடுவுல போய் உட்கார்ந்தவதான். ஆறு வருஷம் அங்கதான் குடித்தனம். அந்த வேலையில ஒரு விதி உண்டு. எடுத்துக் கொடுக்கிறவ உணர்ச்சியைக் காட்டக் கூடாது. நீ அழுதுக்கிட்டே சொன்னா குழந்தை உன்னைப் பார்த்து அழும், அது நடிப்பு ஆகாது. அதனால உப்பில்லாம சொல்லணும். "அம்மா என்னை விட்டுட்டுப் போகாதே"ன்னு பஸ் நம்பர் சொல்ற குரல்ல சொல்லுவேன். அதை வாங்கி கொசு சொல்லுவா பாருங்க, மேல விளக்குப் பிடிக்கிறவர் கூட கண்ணைத் துடைப்பார். ஷாட் முடிஞ்சதும் ஆளாளுக்கு அவளைத் தூக்கிக் கொஞ்சுவாங்க. கால் மரத்துப் போய் எனக்கு எழுந்திருக்க முடியாது. எட்டாங்கிளாஸ்ல பாதி நாள் நான் பள்ளிக்கூடம் போகல. அவளுக்கு மட்டும் டீச்சர் வீட்டுக்கே வந்தாங்க.

பதினோரு வயசுல, ஒரே லீவுல கிடுகிடுன்னு வளர்ந்துட்டா. தொடர்ல இருந்து தூக்கிட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்பாடா, விட்டது சனியன்னு நினைச்சேன். எங்க விட்டது? செருப்பு விளம்பரம் வந்துச்சு, பல்பொடி விளம்பரம் வந்துச்சு. குழந்தைகளுக்கான வினாடி வினா நடத்தினா, திரைக்குப் பின்னாடி கேள்வி அட்டையோட நான். ரெண்டு சினிமாவுல ஹீரோவுக்குத் தங்கச்சியா வந்தா. ஒண்ணுல இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டா. சாகிறவளுக்கு எதுக்குங்க மூணு பக்கம் வசனம்? செயற்கை மழையில நனைஞ்சுக்கிட்டே அத்தனையும் எடுத்துக் கொடுத்தேன். செத்தவ நல்லாத்தான் இருந்தா, எனக்குத்தான் ஒரு வாரம் காய்ச்சல்.

அப்புறம் போன்ல பேசிப் பாட்டுப் போடுற நிகழ்ச்சி, நேரலை. அவ காதுல ஒரு கருவி, பக்கத்து ரூம்ல மைக்கோட நான். "சாப்டீங்களா?"ன்னு கேட்கிறது கூட என்கிட்ட இருந்துதான் போகணும். அதுல தினமும் ஒரு பையன் கூப்பிடுவான், நல்ல பையன், மரியாதையாப் பேசுவான். ஒருநாள் வீட்டு நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டு, "உங்களைக் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படுறேன்"னான். இவ ரிசீவரைக் கையால பொத்திக்கிட்டு, "அக்கா, என்ன சொல்லட்டும்?"னா. நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். எரிச்சல்ல, "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு"ன்னேன். இவ ஒரு "யோசிச்சுச் சொல்றேன்" சொன்னா பாருங்க, அந்தப் பையன் ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருந்தான். அதுக்கப்புறம் வேற இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டான். இவ யோசிக்கவே இல்ல. அடுத்த வரி என்கிட்ட இருந்து வரும்னு காத்துக்கிட்டிருந்திருக்கா. நான் மறந்தே போயிட்டேன். அவளுக்கு அப்புறம் எதுவும் அமையல.

டிவி கூப்பிடுறது குறைஞ்சதும் வியாபாரத்துல இறங்கினா. இறங்கினான்னா, நான் இறக்கினேன். முதல்ல டான்ஸ் கிளாஸ். எதிர்ல ஆள் ஆடினா அப்படியே ஆடுவா, ஆனா கத்துக் கொடுக்கச் சொன்னா எது இடது எது வலதுன்னு அவளுக்கே தெரியாது. மூணே மாசம். அப்புறம் ஐஸ்கிரீம் கடை. தன்னைப் பார்க்க வந்த குழந்தைங்களுக்கெல்லாம் சும்மாவே எடுத்துக் கொடுத்தா, கடைசியில ஃபிரிட்ஜும் கையை விரிச்சுது. அப்புறம் குழந்தைங்க துணிக்கடை. முதுகுல கொசு இறக்கை வச்ச கவுன்னு சொல்லி இருநூறு தைச்சு வச்சோம். எந்த அம்மாவாவது தன் பிள்ளையைக் கொசுவா அலங்காரம் பண்ணி வெளிய கூட்டிட்டுப் போவாளா? இருநூறும் அப்படியே தொங்குச்சு. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப, ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து, "ஆண்டுவிழாவுல இருபது பிள்ளைங்க தேவதையா வர்றாங்க, ரெண்டு நாளைக்கு வாடகைக்குக் கொடுப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த இருபது கவுன்ல பொறந்ததுதான் இப்ப இருக்கிற கடை. பதினேழு வருஷம் ஆச்சு. போலீஸ், ராஜா, விண்வெளிக்காரன், கரடி, காய்கறி, எல்லாம் இருக்கு. கரடியில மட்டும் ஒன்பது சைஸ்.

கடைக்குள்ள வந்து பாருங்க, அப்பத் தெரியும். திரும்பி வர்ற போலீஸ் சட்டைப் பையில எல்லாம் பபிள்கம். ராஜா தாடியில கோந்து கட்டி கட்டியா நிக்கும். சிங்கத்தை எடுத்துட்டுப் போறவன் வாலைத் தொலைச்சுட்டு வந்து, "வரும்போதே வால் இல்ல மேடம்"னு சத்தியம் பண்ணுவான். இஸ்திரி போடுறவர் ஒருத்தர், டெய்லரம்மா ஒருத்தங்க, நான். மூணு பேரும் காலையில இருந்து முதுகை நிமிர்த்த முடியாது. கொசு பதினோரு மணிக்கு வருவா. வாடிக்கையாளர் கூட போட்டோ எடுத்துக்குவா. சுழல் நாற்காலியில உட்கார்ந்து போனைத் தடவிக்கிட்டிருப்பா. நான் பட்டன் தைச்சுக்கிட்டே புலம்புவேன். புலம்பாம நான் ஊசியில நூல் கோர்த்ததே இல்ல. அவ போன்ல இருந்து கண்ணை எடுக்காம "ம்... ம்..."னு சொல்லிக்கிட்டிருப்பா. சுவத்துக்கிட்ட சொன்னா சுண்ணாம்பாவது உதிரும்னு நினைச்சுக்குவேன்.

செவ்வாய்க்கிழமை அறுபது பட்டாம்பூச்சி இறக்கைக்கு எலாஸ்டிக் மாத்திக்கிட்டிருந்தோம். கொசு வந்து நின்னா.

"அக்கா, வியாழக்கிழமை அங்க என்னென்ன சொல்லணும்?"

"எழுதி வச்சிருக்கேன். வழக்கம் போல நான் சொல்லச் சொல்ல நீ சொன்னாப் போதும்"னேன். இஸ்திரிக்காரர் இருக்கணும், டெய்லரம்மா இருக்கணும். கடைப் பேரை மாத்தக் கூடாது. துணிகளை மொத்தமாத் தூக்கி எடைக்குப் போடக் கூடாது. பள்ளிக்கூடங்களுக்கு இப்ப கொடுக்கிற மாதிரியே கொடுக்கணும். ஒவ்வொண்ணாப் படிச்சுக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?"

ஊசியைக் கீழ வச்சுட்டு, "ஏன், உனக்கா வேற எதாவது தோணுதா?"ன்னு கேட்டேன்.

உதட்டைக் கடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சா. "கையெழுத்து ஆனதும் கேக் வெட்டுவாங்களா அக்கா?"ன்னா.

கையில இருந்த இறக்கையைத் தூக்கி அவ மேல எறிஞ்சேன். "ஆளை விடுடி சாமி"ன்னு கத்தினேன். டெய்லரம்மாவுக்குச் சிரிச்சு சிரிச்சு புரையேறிடுச்சு. கொசுவும் சிரிச்சா. நான் மட்டும் சிரிக்காம அடுத்த இறக்கையை எடுத்துக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்ட கொட்டித் தீர்த்தேன். அவர் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், அளந்துதான் பேசுவார். "கேளேன்"னார்.

"என்னத்தைக் கேட்க?"

"என்னையும் எழுதச் சொல்லுடின்னு கேளு. ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிறே. உனக்குன்னு கேட்க வாய் இல்லையா?"

"கேட்டு வாங்கினா அது யாரு வசனம்? என்னோடது. நானே எழுதி, நானே எடுத்துக் கொடுத்து, அவ அதை உருகி உருகிச் சொல்றதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப் போகுது? நாப்பது வருஷம் ஆச்சுங்க. நான் அவளுக்கு யாருன்னு அவளுக்கே தெரியுதான்னு ஒரு தடவை பார்க்கணும்."

"அவ சொல்லலைன்னா?"

"சொல்லுவா. என் ரத்தம், சொல்லுவா."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்"னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டார். இந்த மனுஷன் சொல்றதை நான் என்னிக்குக் கேட்டேன், அன்னிக்குக் கேட்க?

வியாழக்கிழமை பத்தரைக்கு அவங்க ஆபீஸ். பன்னெண்டாவது மாடியில கண்ணாடிச் சுவர் வச்ச ரூம். மேஜை அவ்வளவு பளபளப்பு, கையை வச்சா ரேகை பதியுது, நான் முந்தி முந்தித் துடைச்சுக்கிட்டே இருந்தேன். எதிர்ல ரெண்டு பேர். கழுத்துல அட்டை மாட்டின மேனேஜர் ஒருத்தர், லேப்டாப்போட வக்கீலம்மா ஒருத்தங்க. மேனேஜர் கொசுவைப் பார்த்ததும் எழுந்தே நின்னுட்டார். "மேடம், சின்ன வயசுல உங்க தொடரைப் போட்டாத்தான் நான் சாப்பிடவே உட்காருவேன்"னார். கொசு கன்னத்துல கை வச்சு, அந்தக் காலத்துச் சிரிப்பு ஒண்ணு சிரிச்சா. மனுஷன் உருகிட்டார்.

நான் எப்பவும் போல அவளுக்கு இடது பக்கம், ஒரு அடி பின்னாடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டேன். வாய்க்கு முன்னாடி ஃபைலைப் பிடிச்சுக்கிட்டா உதடு அசையுறது எதிர்ல தெரியாது. நான் சொன்னேன், அவ சொன்னா. இஸ்திரிக்காரரைப் பத்தி அவ சொன்னதைக் கேட்டு வக்கீலம்மா டைப் அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. "எங்க டெய்லரம்மா தையல்ல இதுவரைக்கும் ஒரு பிள்ளைக்குக் கூட மேடையில துணி அவிழ்ந்தது இல்ல"ன்னு அவ சொன்னப்ப, "கண்டிப்பா மேடம், அவங்க இருப்பாங்க"ன்னு மேனேஜர் தானா ஒத்துக்கிட்டார். கடைப் பேரு, பள்ளிக்கூடம், எடைக்குப் போடுறது, கேட்டது எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டினாங்க. திறமைக்காரிதான். நான் இல்லேன்னு சொல்லலையே. நான் போட்டது வெறும் மாவு, அவ கையில அது பலகாரமா வந்துச்சு.

என் காகிதத்துல இருந்த கடைசி வரியும் முடிஞ்சுது. வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு, "அவ்வளவுதானே மேடம்? இவங்க... உங்க அக்கா இல்லையா? இவங்களை எழுதவே இல்லையே?"ன்னு கேட்டாங்க.

கொசு திரும்பி என்னைப் பார்த்தா.

அந்தப் பார்வை எனக்கு மனப்பாடம். அடுத்த வரியைக் கொடுன்னு கேட்கிற பார்வை. நாலே வார்த்தைதான், "அக்கா கண்டிப்பா இருக்கணும் சார்." நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான் ஃபைலை மூடி மடியில வச்சுட்டேன். உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு, மேஜை மேல இருந்த தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லுடி. என் செல்லமே, ஒரே ஒரு தடவை நீயா சொல்லுடி.

மேனேஜர் பேனாவை உருட்டினார். கொசு நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தா.

"அக்காவை எழுதாதீங்க சார்"ன்னா.

எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

"அக்காவுக்கு இந்தக் கடை வேண்டாம். தினமும் சொல்லுவா. அடுத்தவங்க வேர்வையை மோந்து பார்த்தே மூக்கு செத்துப் போச்சுன்னு சொல்லுவா. ஜிப்பை இழுத்து இழுத்துக் கட்டைவிரல்ல ரேகையே போச்சுன்னு சொல்லுவா. பெத்த அம்மாவே அஞ்சு வயசுல இடுப்பை விட்டு இறக்கிட்டாங்க, நீ இன்னும் என் இடுப்புலயே உட்கார்ந்திருக்கியேடின்னு திட்டுவா. என்னிக்குடி எனக்கு விடுதலைன்னு கேட்பா. எல்லாம் நிஜம்தான் சார். நான் ஒரு நாளும் பதில் சொன்னது இல்ல. என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது."

ஒவ்வொரு வரியும் என்னோடது. ஜிப்பு செவ்வாய்க்கிழமை சொன்னது. இடுப்பு போன வருஷம், கரடித் தலை பதினொண்ணை ஒண்டியா மாடிக்குத் தூக்கிட்டுப் போனப்ப சொன்னது. விடுதலை எப்பச் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல, எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். போனைப் பார்த்துக்கிட்டு "ம்... ம்..."னு சொன்னாளே, காதுலயே வாங்கலைன்னுல்ல நினைச்சேன்! அடி முட்டாளே, காதுல வாங்குறதைத் தவிர வேற எந்த வேலையை நீ அவளுக்குப் பழக்கிவிட்டே? என் வாயில இருந்து எது விழுந்தாலும் ஒரு எழுத்து பிசகாம எடுத்து வச்சுக்கிறதுதானே அவ நாப்பது வருஷமாப் பார்த்த வேலை. இது வசனம், இது வெறும் புலம்பல்னு நான் என்னிக்காவது அவளுக்குப் பிரிச்சுச் சொன்னேனா?

"நான் இனிமே எப்படிப் பேசப் போறேன்னு தெரியல"ன்னா. "தப்புத் தப்பாத்தான் பேசுவேன். பழகிக்கிறேன் சார். அக்கா வீட்டுக்குப் போகட்டும். இதை நானாத்தான் சொல்றேன், அவ சொல்லிக் கொடுக்கல."

அதுல உருக்கம் இல்ல, ஏத்த இறக்கம் இல்ல, கன்னத்துல கை இல்ல. வார்த்தையைத் தேடித் தேடி எடுத்து, ஒண்ணு ஒண்ணா வச்சா. மேனேஜர் கூட கலங்கல. டாக்டரையும் விளக்குக்காரரையும் அழ வச்சவ, அன்னிக்கு ஒருத்தரையும் அழ வைக்கல, என்னைத் தவிர.

எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. அவ மேல இல்ல. அவளா சொல்லணும்னுதான் ஆசைப்பட்டேன், சொல்லிட்டா. நான் அவளுக்கு யாருன்னு பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்துட்டேன். என் வாயைப் பறிகொடுத்துட்டு என்ன பண்ணப் போறோம்னு பயந்துக்கிட்டே, என் நிம்மதிக்காக என்னை அனுப்பி வைக்கிறா. அஞ்சு வயசுல இருந்து யாரும் எடுத்துக் கொடுக்காம அவ பேசின முதல் பேச்சு இது. இல்லடி கொசு, தப்பாச் சொல்லிட்டே, மறுபடி சொல்லுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா, இனி செத்தாலும் அவ தானா வாயைத் திறக்க மாட்டா.

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினாங்க. "உங்களுக்கு இதுல சம்மதம்தானே? நீங்களும் வாயால சொல்லணும்மா, பதிவு பண்ணணும்."

மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. எனக்கு வாய் வரல. நாப்பது வருஷம் பேசிப் பேசித் தேய்ஞ்ச நாக்கு, எனக்குன்னு ஒரு வார்த்தை வேணும்கிறப்ப கல்லாப் போச்சு. வேண்டாம்னு வரல, சரின்னும் வரல. கண்ணு மட்டும் தானா கொசு பக்கம் போச்சு.

அவ நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்தினா. என் காதுக்கிட்ட வந்து, எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கேட்காம, உப்பில்லாத குரல்ல, "எனக்கும் சம்மதம்னு சொல்லு அக்கா"ன்னா.

"எனக்கும் சம்மதம்"னு சொன்னேன். வக்கீலம்மா எழுதிக்கிட்டாங்க.